ஹலீல் இனால்ஜிக்

ஹலீல் இனால்ஜிக் (1916–2016) உதுமானியப் பேரரசின் வரலாற்றை ஆராய்ந்த துருக்கிய அறிஞர். அங்காரா, சிகாகோ, பில்கென்ட் ஆகிய பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். ஏறத்தாழ 70 ஆண்டுகள் இடைவிடாமல் எழுதியவர். சுல்தான்களின் படையெடுப்புகளும் அரண்மனைச் சூழ்ச்சிகளுமாகச் சொல்லப்பட்டுவந்த உதுமானிய வரலாற்றை வரிக் கணக்கு, காதி என்னும் நீதிபதியின் மன்றப் பதிவு, சுங்கப் பேரேடு ஆகியவற்றின் மேல் எழுப்பிய தலைமுறையில் முதலிடம் அவருக்கே. வரலாற்றாசிரியர்களுக்கெல்லாம் ஷேக் என்ற பட்டத்தைத் துருக்கியர் அவருக்குச் சூட்டினர். அரசுப் பதிவேடுகளைப் படித்த விதமே அவருடைய பலம். அவர்மீது சொல்லப்பட்ட குறைகளில் பெரும்பாலானவையும் அதே இடத்திலிருந்துதான் கிளம்பின.

இளமையும் கல்வியும்

இனால்ஜிக் பிறந்தது இஸ்தான்புல்லில். தந்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரிமியாவிலிருந்து குடிபெயர்ந்த தாத்தார். பிறந்த தேதியாக மே மாத நாள் ஒன்றும் செப்டம்பர் மாத நாள் ஒன்றும் அச்சில் உலவுகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உழவர்களின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஏடுகளில் தேடி எடுத்தவருக்குச் சொந்தப் பிறப்புப் பதிவு இப்படி அமைந்தது வேடிக்கைதான். முதல் உலகப் போரின் நடுவே, பேரரசின் கடைசி ஆண்டுகளில் பிறந்தார். அவருக்கு 7 வயதானபோது துருக்கி குடியரசாயிற்று. குடும்பம் புதிய தலைநகரான அங்காராவுக்குக் குடியேறியது.

1928-இல் குடியரசு அரபு எழுத்தை விலக்கி இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தபோது அவருக்கு 12 வயது. பழைய எழுத்தைத் தொடக்கப் பள்ளியிலேயே பழகிய கடைசி மாணவர் வரிசையைச் சேர்ந்தவர் அவர். அவருக்குப் பத்தாண்டு பின்னால் பிறந்த துருக்கியர், சொந்தப் பாட்டனாரின் கடிதத்தைப் படிக்கவும் தனியாகப் பயிற்சி பெற வேண்டியிருந்தது.

சிவாஸிலும் பிறகு பாலிகெசிரிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் படித்தார். பாலிகெசிரில் அவருக்கு இலக்கியம் கற்பித்தவர், சூஃபி மரபுகளைப் பற்றிய நூல்களால் பின்னாளில் பெயர்பெற்ற அப்துல்பாக்கி கோல்பினார்லி. பாரசீகக் கவிதையிலும் உதுமானிய அரசவைக் கவிதையான திவான் இலக்கியத்திலும் இனால்ஜிக்குக்குக் கடைசிவரை இருந்த பற்றுக்கு விதை அங்கே விழுந்திருக்க வேண்டும்.

1935-இல் அங்காராவில் மொழி, வரலாறு, புவியியல் துறைகளுக்கான புதிய கல்விப்புலம் ஒன்றை குடியரசின் நிறுவனர் அத்தாதுர்க்கின் அரசு நிறுவியது. சுமேரியர், ஹிட்டைட்டுகள் தொடங்கிப் பழைய நாகரிகங்களைத் துருக்கியரோடு இணைத்துக் காட்டும் 'துருக்கிய வரலாற்றுக் கோட்பாடு' அப்போது அரசின் கொள்கை. கல்விப்புலத்தின் பின்னணியில் அந்த நோக்கமும் இருந்தது. ஆனால் அங்கே வந்து சேர்ந்த ஆசிரியர்கள் வேறு தரத்தவர்கள். ஜெர்மனியில் நாஜிகளால் வேலையிழந்த அறிஞர்கள் பலருக்கு அங்காரா புகலிடமாயிற்று. சுமேரியவியலாளர் பென்னோ லாண்ட்ஸ்பெர்கர், ஹிட்டைட் ஆய்வாளர் ஹான்ஸ் குட்டர்போக், இந்தியவியலாளர் வால்டர் ரூபன் எல்லோரும் ஒரே கட்டடத்தில் கற்பித்தார்கள். மூல ஆவணத்தைக் கையில் எடுக்காமல் வாய் திறக்கக் கூடாது என்ற ஒழுக்கம் முதல் அணி மாணவர்களிடம் ஊறியது இந்தச் சூழலில்தான். இனால்ஜிக் அந்த அணியில் ஒருவர்.

வரலாற்றுத் துறையில் அவருக்கு வழிகாட்டியவர் ஃபுவாத் கோப்ருலு (1890–1966). துருக்கிய வரலாற்றியலை நவீன ஆய்வுத் துறையாக்கியவர். பிற்பாடு அரசியலில் இறங்கி 1950-இல் வெளியுறவு அமைச்சரும் ஆனார். தைமூர் பற்றி மாணவர் இனால்ஜிக் எழுதிய கருத்தரங்கக் கட்டுரை ஒன்று கோப்ருலுவின் கண்ணில் பட்டது. 1940-இல் பட்டம் பெற்றதும் உதவியாளர் பணி கிடைக்க அதுவே காரணம்.

முதல் ஆய்வுகள்

1942-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு 'தன்சிமாத்தும் பல்கேரியப் பிரச்சினையும்' அடுத்த ஆண்டு நூலாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உதுமானிய அரசு மேற்கொண்ட சீர்திருத்தங்களுக்குத் தன்சிமாத் என்று பெயர். இன்றைய பல்கேரியாவின் வடமேற்கு மூலையிலுள்ள விதின் பகுதியில் 1850-இல் உழவர் கிளர்ச்சி ஒன்று வெடித்தது. தேசிய உணர்வின் எழுச்சியாகவே அதைப் பேசிவந்தார்கள். அந்நியத் தூண்டுதல் என்பது எதிர்த்தரப்பின் பேச்சு. இனால்ஜிக் ஆவணக் காப்பகத்தில் உழவர்களின் மனுக்களையும் அதிகாரிகளின் அறிக்கைகளையும் எடுத்துப் படித்தார். சிக்கல் நிலத்தில் இருந்தது. ஆகாக்கள் என்னும் உள்ளூர் நிலக்கிழார்கள் நிலங்களைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்து, உழுபவர்களிடம் அரசு வரிக்கு மேல் தங்கள் பங்கையும் கூலியில்லா வேலையையும் வாங்கிவந்தார்கள். சீர்திருத்தச் சட்டம் சமத்துவம் பேசியது. நிலத்தை மட்டும் தொடவில்லை. 26 வயது இளைஞர் எழுதிய இந்த நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

துணைப் பேராசிரியர் தகுதிக்காக எழுதியது 1683 வியன்னா முற்றுகைக்குப் பிந்தைய பின்வாங்கலையும் கிரிமியக் கானரசையும் பற்றியது. 1569-இல் டான், வோல்கா ஆறுகளைக் கால்வாயால் இணைக்க உதுமானியர் எடுத்த முயற்சி பற்றி 1948-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கிரிமியா அவரை விடவேயில்லை. அதன் கஃபா துறைமுகத்தின் 1487–1490 ஆண்டுச் சுங்கப் பதிவேட்டை அவர் பதிப்பித்தபோது வயது 80. அது 1996-இல் ஹார்வர்டிலிருந்து வெளியாயிற்று.

பதிவேட்டின் ஒரு பக்கம்

இனால்ஜிக்கின் ஆய்வைப் புரிந்துகொள்ள தஹ்ரீர் பதிவேடு என்ன என்று தெரிய வேண்டும். புதிதாக ஒரு நாடு கைக்கு வந்ததும், பிறகு அவ்வப்போதும், அரசு ஓர் அலுவலரையும் எழுத்தரையும் ஊர் ஊராக அனுப்பும். ஊரின் பெயரைத் தலைப்பிட்டு, அதன்கீழ் வரி கட்டும் ஆண்களின் பெயரைத் தகப்பன் பெயரோடு வரிசையாக எழுதுவார்கள். ஒவ்வொரு பெயரின் அடியிலும் ஒரு சிறு குறி இருக்கும். முழு ஏர் நிலம் உடையவன், அரை ஏர் நிலம் உடையவன், நிலம் குறைந்த குடும்பஸ்தன், மணமாகாதவன் என்று அந்தக் குறி சொல்லிவிடும். கிறித்தவ ஊரானால் கைம்பெண்களின் பெயரும் வரும். பெயர்கள் முடிந்ததும் வருமானம்: கோதுமை இத்தனை அளவை, பார்லி இத்தனை, திராட்சைச் சாறு, தேன்கூட்டு வரி, ஆலை வரி, ஆட்டு வரி, மணப்பெண் வரி. எல்லாவற்றையும் அக்சே என்னும் வெள்ளிக் காசில் மதிப்பிட்டு மொத்தம் போட்டிருக்கும். இந்த மொத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, போருக்குக் குதிரையோடு வரவேண்டிய சிப்பாஹிகளுக்கு ஊதியமாக ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குத் திமார் என்று பெயர்.

இவற்றைப் படிப்பது எளிதல்ல. நிதித் துறைக் கணக்கர்கள் கையாண்ட சியாக்கத் என்ற கையெழுத்தில் புள்ளிகள் விடுபட்டிருக்கும். எண்கள் இலக்கமாக இல்லாமல் அரபுச் சொற்களின் சுருக்கமாக இருக்கும். புள்ளியில்லாத அரபு எழுத்தில் ஒரு ஸ்லாவிய ஊர்ப் பெயரோ அல்பேனிய ஆள் பெயரோ வந்தால் அதைப் பத்து விதமாகப் படிக்கலாம். இந்தப் பதிவேடுகளின் மதிப்பை உலகறியச் செய்தவர் இஸ்தான்புல் பொருளாதார வரலாற்றாசிரியர் ஓமர் லுத்ஃபி பர்கான் (1902–1979). பர்கான் அவற்றில் மக்கள்தொகையையும் விலைவாசியையும் எண்ணிப் பார்த்தார். இனால்ஜிக் அதே ஏடுகளிடம் வேறொன்றைக் கேட்டார்: ஒரு நாடு எப்படிக் கைமாறியது?

வெற்றிகொண்ட முறை

1954 அவருடைய வாழ்வில் அறுவடை ஆண்டு. ஹிஜ்ரி 835-க்குரிய (கி.பி. 1431–32) அர்வனித் மாவட்டப் பதிவேட்டை அந்த ஆண்டு முழுமையாகப் பதிப்பித்தார். அல்பேனியாவின் பெரும்பகுதி இதில் அடங்கும். கிடைத்துள்ள தஹ்ரீர் பதிவேடுகளில் காலத்தால் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. அதே ஆண்டு 'உதுமானிய வெற்றி முறைகள்' என்ற கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது.

உதுமானியர் பால்கன் நாடுகளை ஒரே அடியில் விழுங்கவில்லை என்பது அந்தக் கட்டுரையின் வாதம். முதலில் உள்ளூர் அரசனைக் கப்பம் கட்டவும் படை அனுப்பவும் ஒப்புக்கொள்ள வைப்பார்கள். அவன் அரியணையிலேயே இருப்பான். காலம் வாய்க்கும்போது அவனை விலக்கிவிட்டு நேரடி ஆட்சி வரும். நேரடி ஆட்சி வந்ததற்கு அடையாளம் தஹ்ரீர் எழுதப்படுவதும் திமார்கள் பிரிக்கப்படுவதும்தான். அப்போதும் பழைய ஆளும் வகுப்பு அழிக்கப்படவில்லை. அர்வனித் பதிவேட்டில் திமார் வைத்திருந்த சிப்பாஹிகளில் கணிசமானவர்கள் கிறித்தவர்கள். மதம் மாறாமலேயே சுல்தானின் படையில் இருந்தவர்கள். அவர்களுக்கு அருகிலேயே அனத்தோலியாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட துருக்கியர் பெயர்களும் வருகின்றன. 1953-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், செர்பிய மன்னன் ஸ்தெஃபான் துஷான் காலத்துப் பிரபுக் குடும்பங்கள் உதுமானியப் பதிவேடுகளில் சிப்பாஹிகளாகத் தொடர்வதைக் காட்டியிருந்தார்.

வாளால் பரவிய பேரரசு என்ற ஐரோப்பியச் சித்திரத்தையும், அறப்போர் வீரர்களின் தூய வெற்றி என்ற உள்ளூர்ச் சித்திரத்தையும் ஒருசேரக் கலைத்தது இந்தக் கண்டுபிடிப்பு. பால்கன் நாட்டு வரலாற்றாசிரியர்கள் அவரை மதித்ததற்கு இதுவே முதற்காரணம் என்று சொல்லலாம்.

இதற்கு முன்பே, 1949-இல், லண்டன் சென்று சுமார் 2 ஆண்டுகள் தங்கினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் துருக்கியச் சுவடிகளைப் பார்த்ததோடு பவுல் விட்டெக்கின் வகுப்புகளிலும் அமர்ந்தார். உதுமானிய அரசின் உயிர்நாடி எல்லைப்புற அறப்போரே என்ற கோட்பாட்டை 1938-இல் முன்வைத்தவர் விட்டெக். 1950-இல் பாரிஸில் நடந்த உலக வரலாற்று மாநாட்டில் இனால்ஜிக் பங்குகொண்டார். மத்தியதரைக் கடல் பற்றிய பெர்னான் பிரோதெலின் பெருநூல் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. மன்னனை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கடலையும் மலையையும் தானிய விலையையும் பேசிய அந்த நூலின் தாக்கத்தை இனால்ஜிக் மறைத்ததில்லை. பிரோதெல் சார்ந்த அனால் பள்ளிக்கும் உதுமானிய ஆய்வுக்கும் உள்ள உறவைப் பற்றி 1978-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

இரண்டாம் மெஹ்மத்

1954-இல் வந்த மற்றொரு நூல், கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மதின் காலம் பற்றிய ஆய்வுகளும் ஆவணங்களும் கொண்டது. 1444-இல் தந்தை இரண்டாம் முராத் பதவி விலகி, 12 வயது மெஹ்மதை அரியணையில் ஏற்றினார். சிலுவைப் படை திரண்டது. முதலமைச்சர் சந்தார்லி ஹலீல் பாஷா பழைய சுல்தானைத் திரும்ப அழைத்தார். வார்னா போர் நடந்தது. சில காலத்தில் முராத் மீண்டும் அரியணை ஏறினார். இந்த நிகழ்ச்சிகளை இனால்ஜிக் அரசவையின் இரு அணிகளுக்கு இடையிலான போராட்டமாகப் படித்தார். ஒரு பக்கம் பழைய உலமா (சமய அறிஞர்) குடும்பத்தின் வழிவந்த சந்தார்லியும் சமாதானக் கொள்கையும். மறுபக்கம் சுல்தானின் அடிமைப் பணியாளர்களாக உயர்ந்தவர்களும் போர்க் கொள்கையும். 1451-இல் மறுபடி பதவிக்கு வந்த மெஹ்மதுக்குக் கான்ஸ்டான்டிநோபிள் வெற்றி தேவைப்பட்டது; அது இல்லாமல் அவர் சொந்த அரசவையை ஆண்டிருக்க முடியாது. 1453-இல் நகரம் விழுந்ததும் சந்தார்லியின் தலையும் விழுந்தது.

இந்தப் பின்னணியோடுதான் ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் பாபிங்கரின் மெஹ்மத் வரலாற்றை அவர் எதிர்கொண்டார். 1953-இல் வந்த அந்தப் பருமனான நூலில் அடிக்குறிப்பே கிடையாது. ஆதாரங்களுக்கென்று தனி நூல் வரும் என்றார் பாபிங்கர், வரவே இல்லை. இனால்ஜிக் 1960-இல் 'ஸ்பெகுலம்' இதழில் எழுதிய நெடிய மதிப்புரை, நூலின் தவறுகளைப் பட்டியலிட்டுப் பாபிங்கர் பார்க்காத துருக்கிய மூலங்களை முன்வைத்தது. இன்றும் பாபிங்கரைப் படிப்பவர்கள் அந்த மதிப்புரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். 1958-இல் எழுதிய சட்ட வரலாற்றுக் கட்டுரையும் இதே வரிசையைச் சேர்ந்தது. ஷரியத்துக்கு வெளியே சுல்தான் தன் அதிகாரத்தால் விதித்த கானூன் சட்டங்கள் உதுமானிய அரசில் எப்படி வளர்ந்தன என்பதை அதில் விளக்கினார்.

புர்சாவின் சந்தை

உதுமானியரின் முதல் தலைநகரங்களில் ஒன்றான புர்சாவில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே காதி மன்றப் பதிவுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. கடன், ஒப்பந்தம், கூட்டு வணிகம், அடிமை விடுதலை, இறந்தவரின் சொத்துப் பட்டியல் எல்லாம் அவற்றில் உண்டு. இவற்றைக் கொண்டு 1960-இல் இரண்டு முக்கியக் கட்டுரைகளை வெளியிட்டார். வடக்கு ஈரானின் பட்டு ஒட்டகக் கூட்டங்களில் புர்சாவுக்கு வந்து சேர்ந்தது. இத்தாலிய வணிகர்கள் அங்கே காத்திருந்து வாங்கினார்கள். மிச்சம் உள்ளூர்த் தறிகளுக்குப் போயிற்று. இன்னின்ன துணி இத்தனை நெய்து கொடுத்தால் விடுதலை என்ற ஒப்பந்தத்தின்மேல் அடிமைகள் தறியில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதிவுகளில் இந்தியாவும் வருகிறது. தக்காணத்துப் பாமினி சுல்தானகத்தின் முதலமைச்சர் மஹ்மூத் கவான் தன் முகவர்களை இந்தியச் சரக்கோடு புர்சாவுக்கு அனுப்பி வணிகம் செய்ததை இனால்ஜிக் எடுத்துக்காட்டினார். பீதரில் இன்றும் நிற்கும் மதரசாவைக் கட்டியவரும் 1481-இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டவருமான அதே கவான்தான். போர்த்துக்கீசியர் கடல்வழி வருவதற்கு முந்தைய காலத்தில் மிளகும் சாயப்பொருளும் துணியும் செங்கடல், சிரியா வழியாக அனத்தோலியாவை எட்டிய பாதைக்கு இப்படிப் பெயரும் ஆளும் கிடைத்தன.

இந்தியத் துணியைப் பிற்பாடும் அவர் தொடர்ந்தார். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்தியப் பருத்தித் துணி உதுமானியச் சந்தையில் குவிந்ததையும், அதற்கு ஈடாக வெள்ளி கிழக்கே போனதையும், பின்னர் இங்கிலாந்தின் ஆலைத் துணி அந்த இடத்தைப் பிடித்ததையும் கூலிச் செலவை அளவுகோலாக வைத்துக் கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். துருக்கி மொழியில் எழுதப்பட்ட இந்தக் கட்டுரை இந்தியத் துணி வணிகத்தை ஆராய்வோருக்கு உரிய அளவில் தெரியவரவில்லை, அது இழப்புதான்.

ஓர் ஏர், ஒரு குடும்பம்

இனால்ஜிக்கின் கோட்பாட்டுப் பங்களிப்புகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது 'சிஃப்த்-ஹானே' அமைப்பு. ஒரு சோடி எருது, அவற்றால் உழக்கூடிய நிலம், அதில் பாடுபட ஒரு குடும்பம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உதுமானிய வேளாண் அரசின் அடிப்படை அலகு என்றார். நிலம் அரசுடையது, உழவருக்கு உள்ளது பரம்பரைக் குத்தகை போன்ற உரிமை. மண்ணின் வளத்தைப் பொறுத்து இந்த அலகு, தோனும் என்னும் நில அளவில், 60 முதல் 150 வரை இருக்கும். இதைத் துண்டாக்கவும் கூடாது, பெரும் பண்ணையாகச் சேர்க்கவும் கூடாது என்று சட்டம் கண்காணித்தது. துண்டானால் வரி வராது. பண்ணையானால் அரசுக்குப் போட்டியாகப் பிரபுக்கள் முளைப்பார்கள். ரஷ்யப் பொருளியலாளர் சயானோவின் உழவர் குடும்பக் கோட்பாட்டை இதற்குத் துணையாகக் கொண்டார்.

1959-இல் வந்த உழவர் வரிகள் பற்றிய கட்டுரையில் இதன் கணக்கு இருக்கிறது. முழு ஏர் நிலமுள்ள முஸ்லிம் உழவரின் அடிப்படை வரி 22 அக்சே. பால்கன் பகுதியில் கிறித்தவ ஆண் ஒவ்வொருவருக்கும் 25 அக்சே, கைம்பெண்ணுக்கு 6. இந்த வரிகளில் பல உதுமானியர் புதிதாக விதித்தவை அல்ல, பைசாந்திய, செர்பிய ஆட்சிகளில் இருந்த கடமைகளைக் காசாக மாற்றியவை என்பது அவருடைய முடிவு. பிரபுவுக்கு ஆண்டில் சில நாள் கூலியின்றி உழைக்கும் கடமை காசாக மாறியது உழவருக்குச் சற்று இலகுவாகவே இருந்திருக்கும் என்று அவர் கருதினார். அரசு எழுதிவைத்த சட்டம் வயலில் எந்த அளவுக்கு நடந்தது என்ற கேள்வியை இங்கே எழுப்பலாம், எழுப்பியும் இருக்கிறார்கள்.

சிகாகோ

1952-இல் பேராசிரியரான அவர் அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகச் சென்றார். 1956–57-இல் ஹார்வர்டில் இருந்தார். 1972-இல் அங்காராவில் ஓய்வுபெற்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றார். 1986 வரை அங்கே உதுமானிய வரலாறு கற்பித்தார். சிகாகோவில் அவரிடம் பயின்றவர்களில் இல்பர் ஓர்தாய்லி துருக்கியில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகவும், லிண்டா டார்லிங் அமெரிக்காவில் நிதி நிர்வாக வரலாற்றின் முக்கிய ஆய்வாளராகவும் ஆனார்கள்.

1973-இல் வந்த 'உதுமானியப் பேரரசு: செவ்வியல் காலம், 1300–1600' அவருடைய நூல்களில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது. அரசியல் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அரண்மனை, அடிமை முறை, மாகாண ஆட்சி, வணிகம், கல்வி, சூஃபி அமைப்புகள் என்று பேரரசின் எலும்புக்கூட்டை எடுத்துவைக்கும் நூல். நார்மன் இட்ஸ்கோவிட்ஸும் காலின் இம்பரும் அதை ஆங்கிலமாக்கினர். துருக்கியருக்கு அது கிடைத்த கதை சுவையானது: 30 ஆண்டுகள் கழித்து, 2003-இல், ஆங்கிலத்திலிருந்து துருக்கி மொழிக்குப் பெயர்த்து வெளியிட்டார்கள். பல பதிப்புகள் விற்றன.

1994-இல் டொனால்ட் குவாட்டர்ட்டோடு சேர்ந்து பதிப்பித்த 'உதுமானியப் பேரரசின் பொருளாதார, சமூக வரலாறு, 1300–1914' கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1600 வரையிலான முதற்பகுதி முழுவதும் இனால்ஜிக் எழுதியது. அதுவே தனி நூலளவு இருக்கும். சுரையா ஃபரோக்கி, புரூஸ் மெக்கோவன், ஷெவ்கெத் பாமுக் ஆகியோர் மற்றப் பகுதிகளுக்குப் பங்களித்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்துக்கு அவர் எழுதிய பதிவுகளையும் தனியே சொல்ல வேண்டும். ஐரோப்பிய வணிகர்களுக்கு சுல்தான்கள் அளித்த சலுகைகள் பற்றிய பதிவும் இஸ்தான்புல் பற்றிய பதிவும் கலைக்களஞ்சியக் கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரிகள்.

பில்கென்ட்

அமெரிக்காவிலிருந்து திரும்பி ஓய்வில் இருக்க வேண்டிய வயதில், 1990-களின் தொடக்கத்தில், அங்காராவின் பில்கென்ட் தனியார் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். உதுமானியத் துருக்கி மொழியைப் படிக்கத் தெரியாமல் யாரும் முதுநிலைப் பட்டம் பெறக் கூடாது என்ற கண்டிப்பு அங்கே நிலவியது. அவர் பெயரில் உதுமானிய ஆய்வு மையம் ஒன்றும் அங்கே இயங்குகிறது.

முதுமையில் எழுத்து வேகம் கூடியது. கவிஞர்களுக்கும் புரவலர்களுக்கும் இருந்த உறவைப் பற்றி 'கவிஞனும் புரவலனும்' (2003) வந்தது. அரண்மனை விருந்து மரபுகள் பற்றி ஒரு நூலும், பொது வாசகருக்கான 'தெவ்லெத்-இ அலிய்யே' தொகுதிகளும் தொடர்ந்தன. நகரம் வீழ்ந்து 2 ஆண்டுக்குள் எடுக்கப்பட்ட 1455 இஸ்தான்புல் கணக்கெடுப்பை 2012-இல் பதிப்பித்தார். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், எந்த வீடு காலி, எது இடிந்து கிடக்கிறது என்று தெருத்தெருவாகச் சொல்லும் ஏடு அது. தொலைக்காட்சியில் தோன்றினார், அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் நூலாக வந்து விற்பனையில் முன்னணியில் நின்றது. அறிஞர் ஒருவருக்கு 90 வயதுக்கு மேல் நட்சத்திரப் புகழ் கிடைப்பது எந்த நாட்டிலும் அரிது.

2016 ஜூலை 25 அன்று அங்காராவில் காலமானார். இராணுவப் புரட்சி முயற்சி ஒன்று தோற்று 10 நாளே ஆகியிருந்த நேரம். அமைச்சரவையின் சிறப்பு அனுமதியோடு இஸ்தான்புல் ஃபாத்திஹ் பள்ளிவாசல் வளாகத்தில், இரண்டாம் மெஹ்மதின் கல்லறை இருக்கும் இடத்துக்கு அருகில், அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கக் கலை அறிவியல் கழகம், பிரிட்டிஷ் அகாடமி ஆகியவை அவரை உறுப்பினராக ஏற்றிருந்தன.

தொடக்க ஆண்டு விவாதம்

உதுமானிய அரசு தோன்றிய ஆண்டு 1299 என்பது துருக்கிப் பாடநூல் மரபு. 1999-இல் 700-ஆம் ஆண்டு விழாவும் எடுத்தார்கள். இனால்ஜிக் இதை ஏற்கவில்லை. 1302 ஜூலை 27 அன்று பஃபேயோன் என்ற இடத்தில் பேரரசுக்குப் பெயர் தந்த உஸ்மானின் படை பைசாந்தியப் படையை முறியடித்தது. அந்தத் தேதியைத் தருபவர் சமகாலக் கிரேக்க வரலாற்றாசிரியர் பக்கிமெரேஸ். அந்த வெற்றிக்குப் பிறகே உஸ்மானின் பெயர் தூரத்து வீரர்களை ஈர்த்தது. பரம்பரை ஆட்சிக்கு உரிமை கிடைத்தது. ஆகவே அரசு பிறந்தது 1302-இல் என்பது அவர் வாதம். இதற்காகப் பக்கிமெரேஸை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய ஆஷிக்பாஷாஸாதேயின் கதைகளோடு வைத்து ஒப்பிட்டார். ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் பொருத்திப் பார்த்தார்.

இங்கே அவருக்கு எதிர்நின்றவர்களில் ஒருவர் அவருடைய நூலை மொழிபெயர்த்த காலின் இம்பர். 15-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட உஸ்மான் கதைகள் பிற்கால அரசவையின் புனைவு, அவற்றிலிருந்து 1300-ஐ மீட்டெடுக்கவே முடியாது என்பது இம்பரின் நிலை. கதைக்குள் இடப்பெயரும் நிலவியலும் சரியாக இருந்தால் அதற்குள் நினைவு இருக்கிறது என்பது இனால்ஜிக்கின் பதில். பக்கிமெரேஸின் தேதி உறுதியானது. அதைத் தாண்டிய பகுதிகளில் இம்பரின் ஐயத்தை முழுதாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

விமர்சனங்கள்

அரசு எழுதியதை வைத்து எழுதும்போது அரசின் கண்ணே வரலாற்றின் கண்ணாகிவிடும் அபாயம் உண்டு. இனால்ஜிக்கின் உதுமானிய அரசு சில இடங்களில், அரசையும் படையையும் வரியையும் குடிகளையும் நீதியால் இணைத்துப் பேசும் நீதிச் சக்கரக் கோட்பாட்டின்படி சீராகச் சுழலும் எந்திரமாகத் தெரிகிறது. மேய்ச்சல் குலங்கள், பெண்கள், நகரத்து ஏழைகள் வரி கட்டுபவர்களாகவோ கலகம் செய்பவர்களாகவோ மட்டும் தலைகாட்டுகிறார்கள். பதிவேடுகளில் இருப்பது வரி எதிர்பார்ப்பு, நடந்த அறுவடை அல்ல என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆனால் அவரைப் பின்பற்றியவர்களில் பலர் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு எண்களை அப்படியே கூட்டினார்கள்.

பெரிய சர்ச்சை 'செவ்வியல் காலம்' என்ற சொல்லாட்சியைப் பற்றியது. 1600-க்கு முன் உச்சம் என்றால் பிறகு சரிவுதான். 1973 நூலின் அமைப்பிலும் அது பொதிந்திருக்கிறது. ஜெமால் கஃபதார் முதலான அடுத்த தலைமுறையினர் இந்தச் சட்டகத்தை மறுத்தார்கள். லிண்டா டார்லிங் 1996-இல் வெளியிட்ட நூல், 1560–1660 காலத்தில் வரி நிர்வாகம் சிதையவில்லை, புதிய தேவைகளுக்கேற்ப மாறியது என்று நிதித் துறைப் பதிவேடுகளைக் கொண்டே காட்டியது.

இனால்ஜிக்கே இந்தத் திசையில் முன்பே நகர்ந்திருந்தார். 1980-இல் எழுதிய இராணுவ, நிதி மாற்றங்கள் பற்றிய நெடுங்கட்டுரையில், 1593–1606 ஹாப்ஸ்பர்க் போரில் துப்பாக்கிக் காலாட்படை தேவைப்பட்டதையும், அதற்காகக் கிராமத்து இளைஞர்கள் கூலிப்படையாகத் திரட்டப்பட்டதையும், போர் ஓய்ந்தபோது அவர்கள் அனத்தோலியாவில் ஜெலாலிக் கலகக்காரர்களாகத் திரிந்ததையும், செலவுக்காகப் புது வரிகள் நிலைபெற்றதையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார். திமார் முறை தளர்ந்தது ஒழுக்கக் கேட்டால் அல்ல, போர்த் தொழில்நுட்பத்தால் என்பது அதன் சாரம். ஆனால் இந்தக் கட்டுரை ஆய்விதழில் கிடக்கிறது. கடைகளில் கிடைப்பது 1973 நூல். அதன் சரிவு பற்றிய பகுதியை 1980 கட்டுரையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.